யன்னலை ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்து வைக்கவும்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்லி என் மானத்தை வாங்க வேண்டாம்.

பதினைந்து வருடங்களுக்கு முன் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் எழுதிய கடிதம் அது. படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. வந்து பாருங்கள் என்று மூன்று தடவை எழுதினேன். அவர் வரவில்லை, பதில்தான் வந்தது: "உங்கள் வீட்டில் நீண்ட நேரம் சோறு சமைக்கப்படுவதாக அறிகிறோம். சரியான முறையில் காற்றோட்டம் செய்யவும்." கூடவே ஒரு துண்டுப்பிரசுரம். யன்னலை எப்படித் திறப்பது என்று அதில் நான்கு படங்கள். நான்காவது படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே யன்னலை மூடுகிறாள்.

யன்னல் திறக்கப் படம்! யன்னலே இல்லாத நாட்டிலிருந்து வந்தவள் என்று நினைத்தாராக்கும்.

கிழித்துப் போட்டிருக்கலாம். வைத்திருந்தேன். அதைக் கதையாக எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் அது முறைப்பாட்டுக் கடிதமாகவே வந்து நின்றது. "பெருமதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்கும் கதையை யார் வாசிப்பார்கள்?

ஆகவே கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை மாற்றினேன். என்னை எடுத்துவிட்டு அல்மூட் ரேபைன் என்ற பெண்ணை வைத்தேன். வயது ஐம்பத்தெட்டு. வெர்ரா ஆற்றங்கரையில், நான் வந்து குடியேறிய இதே ஊரில் பிறந்தவள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். கணவன் பெயர் கேரோல்ட். சோறு சமைப்பதில்லை, உருளைக்கிழங்கு அவிப்பாள். இனி எவரும் "வந்தேறிகளின் வழமையான புலம்பல்" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போக முடியாது. யன்னல் திறக்கத் தெரியாதவள் என்ற பழி இந்த மண்ணிலேயே பிறந்த பெண்ணின் தலையிலும் விழும். விழுந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"முந்நூறு வருடப் பழமையான அந்த மரச்சட்ட வீடு மாலை வெயிலில்—"

வேண்டாம். மாலை வெயிலில் வீடு ஒளிர்ந்தால் கதை சுற்றுலாப் பிரசுரமாகிவிடும். பிரசுரங்கள் மேல் எனக்கு ஏற்கனவே நல்ல அபிப்பிராயம் இல்லை.

இரண்டாவது:

"கேரோல்ட் தன் மனைவியையும் நேசித்தான், காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானியையும் நேசித்தான். இரண்டில் எதை அதிகம் என்று—"

இது பகிடி, சிரிப்பு வருகிறது. பகிடிக்குள் புகுந்து அவன் தப்பிவிடுவான். தப்ப விடமாட்டேன்.

மூன்றாவது. இதையே வைத்துக்கொள்கிறேன்:

அல்மூட்டுக்கு முப்பத்தொன்பது பாகை காய்ச்சல் அடித்த ஜனவரிக் காலையில், அவளுடைய கட்டிலுக்கு மேலிருந்த யன்னலைக் கேரோல்ட் அகலத் திறந்தான்.

"என்ன செய்யிறாய்?" என்றாள் போர்வைக்குள்ளிருந்து.

"ஏழு மணி."

"எனக்குக் காய்ச்சல், கேரோல்ட்."

"அஞ்சு நிமிசம்தானே. இழுத்து மூடிக்கொண்டு படு. காய்ச்சல்காறர் விடுற மூச்சிலை ஈரம் இன்னும் கூட."

"அப்ப மூச்சு விடாமல் கிடக்கட்டோ?"

அவன் கையில் முட்டை அவிக்க வைக்கும் சின்ன மணிக்கூடு. அது கிணுகிணுக்கும்வரை யன்னலருகே நின்றான். வெளியே மைனஸ் ஒன்பது. அல்மூட்டின் பற்கள் தாளம் போட்டன. மணி அடித்ததும் மூடினான், சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கதவில் ஒட்டியிருந்த யன்னல் அட்டவணையில் ஒரு சரி போட்டான், தேநீர் கொண்டுவரக் கீழே போனான்.

[இருவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் போலக் கதைக்கிறார்கள். அவர்களுக்கே தெரியாது. என்னிடம் இருப்பது இந்தத் தமிழ்தான். புருசனைப் பெண்சாதி "நீ" என்பதும் அவர்களுடைய வழக்கம். அறுபத்தொரு வயது மனிதனை நான் "அவன்" என்று எழுதுவது மரியாதையில்லைத்தான். அவள் அவள் என்றால் அவனும் அவன்.]

3

வீடு அல்மூட்டின் பெயரில் இருக்கிறது. அவளுடைய பெரியம்மாவிடமிருந்து வந்தது. ஓக் மரச் சட்டங்கள். சட்டங்களுக்கு இடையில் வில்லோக் கம்புகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பிய சுவர். ஒரு சாண் கனம்கூட வராது. குடிவந்த முதல் குளிர்காலத்தில் இருவரும் குசினியில் கையுறை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அதனால் சுவருக்குக் குளிர் காப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. வேண்டும்தான்.

கேரோல்ட் நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடமாக வேலை செய்பவன். மில்லிமீட்டர் தவறாத கை. யாரையும் கேட்கவில்லை. ஒன்பது சனிக்கிழமைகளில் வேலையை முடித்தான். அல்மூட் பலகைகளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரின் உட்பக்கம் முழுக்கப் பத்துச் சென்ரிமீட்டர் கண்ணாடிப் பஞ்சு, அதன் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் ஜிப்சம் பலகை. வெளியே, மரத்துக்கும் களிமண்ணுக்கும் நடுவில் கிடந்த மயிரிழை வெடிப்புகள் எல்லாவற்றுக்கும் சிலிக்கோன் பசை. விரலை ஈரமாக்கி, ஒவ்வொரு கோட்டையும் வழித்து வழித்து வடிவாக்கினான். அயலவர் நின்று பார்த்துப் பாராட்டினார்கள். இந்த ஊரில் நேரான கோட்டுக்கு மரியாதை உண்டு.

அந்த நேரான கோடுகள்தான் வீட்டைக் கொன்றன. இல்லை, அவசரப்படுகிறேன். கொல்லத் தொடங்கின.

மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். சிலிக்கோன் ஒரு பக்கம் விட்டுக்கொடுக்கும். மேற்கிலிருந்து அடிக்கிற மழை அந்த இடத்தால் உள்ளே போகும். போன தண்ணீர் வெளியே வர முடியாது, மிச்சக் கோடெல்லாம் அடைத்துக் கிடக்கிறது. உள்ளேயிருந்து என்ன நடக்கும் என்பதற்குச் சோற்றுப்பானையின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். கீழ்ப்பக்கம் துளி துளியாக நிற்கும். சூடான மூச்சு குளிர்ந்த இடத்தைத் தொட்டால் தண்ணீராகும், அவ்வளவுதான் விசயம். பஞ்சு வைத்ததால் பழைய சுவர் முன்னைவிடக் குளிர்ந்துபோயிற்று. பிளாஸ்டிக் தாளில் மின்குமிழ்ச் சுவிட்ச் ஒவ்வொன்றுக்கும் ஓட்டை, படம் மாட்டிய ஆணி ஒவ்வொன்றுக்கும் ஓட்டை. அவற்றால் உள்ளே போன மூச்செல்லாம் களிமண்ணில் போய்த் துளியாயிற்று. கோடையில் அது அறைப்பக்கமாகக் காயப் பார்த்தால் நடுவில் தாள். முந்நூறு வருடம் ஈரத்தை வாங்கியும் விட்டும் பிழைத்த சுவரை ஒன்பது சனிக்கிழமைகளில் பையில் போட்டுக் கட்டிவிட்டான்.

[இந்தப் பந்தியை வெட்டச் சொன்னார் என் முதல் வாசகர். "கதையில் ஏன் கட்டடப் பாடம்?" என்றார். வெட்டமாட்டேன். எனக்கு யன்னல் படம் அனுப்பியவர்கள் இந்தப் பந்தியை வாசிக்க வேண்டும்.]

4

குசினி மூலையில் முதல் கறுப்புப் புள்ளி நவம்பரில் வந்தது. கேரோல்ட் முழங்காலில் குந்தி அதை முகர்ந்து பார்த்தான். பிறகு எழுந்து அடுப்பைப் பார்த்தான். அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது.

"மூடி எங்கை?"

"எந்த மூடி?"

"பானை மூடி. ஆவி முழுக்க எங்கை போகுதெண்டு நினைக்கிறாய்?"

"முப்பது வருசமாய் இப்பிடித்தான் அவிக்கிறன். ஒரு வீட்டிலையும் சுவர் கறுக்கேல்ல, போன குளிருக்கு இஞ்சையும் கறுக்கேல்ல."

"அப்ப சுவர் ஓட்டையும் ஒடிசலும். இப்ப வீடு இறுக்கம். இறுக்கமான வீட்டிலை ஆக்கள் ஒழுங்காய் இருக்க வேணும்."

ஒழுங்கு என்பது அட்டவணையாக வந்தது. காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஏழு. எல்லா யன்னலும், ஒவ்வொன்றும் முழுதாக, ஐந்து நிமிடம். சாய்த்துத் திறந்தால் கணக்கில்லை. பகல் ஒரு மணித் திறப்புக்காக அல்மூட் மதிய உணவு இடைவேளையில் கடையிலிருந்து வீட்டுக்கு ஓடிவந்தாள். அவன் திணைக்களத்திலிருந்து தொலைபேசியில் கேட்டான்.

"திறந்தனியோ?"

"திறந்தனான்."

"முழுசாயோ?"

"வந்து பாரன்."

இங்கே இது புதிதில்லை. பூஞ்சணம் வந்தால் வீட்டை யாரும் கேட்பதில்லை, ஆளைத்தான் கேட்பார்கள்: காற்றோட்டம் செய்தாயா, எத்தனை தடவை, எவ்வளவு நேரம்? வாடகை ஒப்பந்தத்தில்கூட எழுதி வைப்பார்கள். சுவர் பொய் சொல்லாது, பெண் சொல்லுவாள் என்ற நம்பிக்கை. எனக்கு இதை எழுதும்போதே காது சூடாகிறது.

மூன்று குளிர்காலம் இப்படிப் போயிற்று. அல்மூட்டின் தங்கையின் பிறந்தநாளுக்கு வந்தவர்கள் பிளம் கேக்கை மேலங்கியோடு சாப்பிட்டார்கள். உடுப்பை வீட்டுக்குள் காயப்போடத் தடை வந்தது. ஈர உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு அல்மூட் ஊரின் மறுகோடியிலுள்ள சலவைக் கடைக்குப் போனாள். புள்ளி பெரிதாகி ஒரு கையகலமாயிற்று, பிறகு அலமாரியின் முதுகு முழுக்கப் பரவிற்று. கேரோல்ட் குளோரின் போட்டுத் துடைத்தான். துடைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விட்டான். திட்டினால்கூடப் பரவாயில்லை. பெருமூச்சுக்கு என்ன பதில் சொல்வது?

மூன்றாவது வருடம் அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். தான் அதிகம் வேர்ப்பவளோ என்று வைத்தியரிடம் கேட்டாள். குளிப்பதைக் குறைத்தாள். குசினியில் தனியாக இருக்கும்போது மெதுவாக மூச்சு விட்டாள்.

கடைசி வசனத்தை எழுதிவிட்டு நான் எழுந்து வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். இந்தக் கதையில் வேறு எதுவும் எனக்கு முக்கியமில்லை. வீடு பிழைத்தால் நல்லது. ஆனால் அல்மூட்டுக்கு வேண்டியது ஒரே ஒரு வசனம்: "நீ காரணமில்லை, நான்தான்." அவன் வாயால்.

5

கேரோல்ட் மேல் எனக்கு இப்போது சந்தேகம் வந்திருக்கிறது. மிகவும் வசதியான கெட்டவனாகிவிட்டான். கொஞ்சம் திருத்திப் பார்க்கிறேன்.

பனிக்காலக் காலைகளில் அவளுக்கு முன்னால் எழுந்து அவளுடைய காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவைப்பான். முப்பத்துமூன்று வருடம், ஒரு நாள் தவறவில்லை. அவளுடைய தாய் கிடையில் கிடந்தபோது இரவு பகலாகத் தூக்கி மாற்றியவன் அவன்தான். சுவருக்குப் பஞ்சு வைத்ததும் அவள் கையுறையோடு சாப்பிட்டதைப் பொறுக்க முடியாமல்தான்.

எழுதியாயிற்று. கோபம் குறைந்ததா? இல்லை. கூடிவிட்டது. கெட்டவன் பழி போட்டால் உதறிவிட்டுப் போகலாம். கண்ணாடி சுரண்டிவிடுகிறவன் போட்டால் அது உண்மையாக இருக்குமோ என்று தோன்றும். அவளுக்கு அப்படித்தான் தோன்றிற்று.

6

குசினிக் கதவு நிலத்தில் உரசத் தொடங்கியது. பிறகு மூடவே மறுத்தது. ஒரு சனிக்கிழமை அல்மூட் அலமாரிக்குக் கீழே கூட்டும்போது சுவரடிப் பலகையின் இடுக்கிலிருந்து ஏதோ பழுப்பாக எட்டிப் பார்த்தது. காளான்.

அவள் கேரோல்ட்டைக் கேட்கவில்லை. பக்கத்து ஊரில் களிமண் சுவர் வேலை செய்யும் இம்கேயை அழைத்தாள். இம்கே ஆறடி உயரம், குரல் அதைவிட. வந்தாள், முகர்ந்தாள், வெளியே போய்ச் சிலிக்கோன் கோடுகளைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள், உள்ளே வந்து கேட்டாள்:

"உடைக்கட்டோ?"

"பொறு, பொறு," என்றான் கேரோல்ட். "முதலிலை ஈரத்தை அளந்து—"

"உடை," என்றாள் அல்மூட். "வீடு என்ரை பேரிலை."

ஜிப்சம் பலகை பெயர்ந்து வந்தது. தாளைக் கத்தியால் கீறியபோது உள்ளேயிருந்து தண்ணீர் ஒழுகி இம்கேயின் சப்பாத்துக் காலில் விழுந்தது. பஞ்சு கறுத்துத் தொங்கிற்று. கீழே, வீடு முழுவதையும் தாங்கும் ஓக் அடிச்சட்டத்தில் இம்கே ஸ்குரூட்ரைவரை வைத்தாள். அழுத்தவில்லை, வைத்தாள். கைப்பிடிவரை போயிற்று.

"யன்னல் திறக்காததாலையோ?" என்று அல்மூட் கேட்டாள்.

இம்கே திரும்பிப் பார்த்தாள். "என்ன யன்னல்? நீ கூரையைக் கழட்டிப்போட்டு இருந்தாலும் இந்தத் தாளுக்குப் பின்னாலை காத்துப் போகாது. ஆர் உனக்கு உந்த விசர்க்கதை சொன்னது?"

அல்மூட் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சரி, ஆர் உதைச் செய்தது?" இம்கே தாளைத் தூக்கிக் காட்டினாள். "பழைய வீட்டுக்கு இப்பிடிச் செய்தவனை ஒருக்கால் எனக்குக் காட்டுங்கோ."

கேரோல்ட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஒரு கம்பனி," என்றான். "வெளியூர்க் கம்பனி. இப்ப மூடிப்போட்டாங்கள்."

ஒன்பது சனிக்கிழமை பலகை பிடித்தவள் பக்கத்தில் நிற்கிறாள்!

நான் எழுதிய முதல் வடிவத்தில் அல்மூட் இம்கேயிடம் சொல்கிறாள்: "அந்தக் கம்பனி மூடேல்ல. ஒவ்வொரு நாளும் என்ரை பக்கத்திலைதான் படுத்துக் குறட்டை விடுகுது." இம்கே சிரித்துச் சிரித்து வாளியில் உட்கார்ந்துவிடுகிறாள். அருமையான இடம். எழுதிவிட்டு நானே கைதட்டினேன்.

ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. "கோப்பி போடுறன்" என்று சொல்லிவிட்டு அப்பால் போனாள். அந்தக் குறட்டைப் பதிலை அவளுக்கு எழுதிக் கொடுத்தவள் நான். என் வீட்டுச் சொந்தக்காரருக்கு நான் சொல்லாமல் விட்டதைப் பதினைந்து வருடம் கழித்து அவள் வாயில் திணிக்கப் பார்த்தேன்.

7

"அவள் அப்படிச் சொல்லவில்லை" என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். கற்பனைப் பெண் எப்படிச் சொல்லாமல் விடுவாள்? ஆம், அல்மூட் இருக்கிறாள். பெயர்தான் வேறு. நடந்ததெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முடிவுகளைப் பார்ப்போம்.

முடிவு அ: இம்கே அழுகிய சட்டத்தை வெட்டிப் புது ஓக் வைக்கிறாள். சுவர் காய்கிறது. மரநார்ப் பலகையை ஈரக் களிமண்ணில் இடைவெளியில்லாமல் அழுத்தி ஒட்டுகிறாள், ஆறு சென்ரிமீட்டருக்கு மேல் போகாமல். மேலே களிமண் பூச்சு. வெளியே சிலிக்கோனைச் சுரண்டி எறிந்துவிட்டுச் சுண்ணாம்பு. வீடு சூடாகவும் இருக்கிறது, காயவும் செய்கிறது. எல்லோரும் சுகம். இதில் வீட்டுக்கு நியாயம் கிடைத்தது, அல்மூட்டுக்கு இல்லை. தள்ளுபடி.

முடிவு ஆ: அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு— அவள் ஏன் போக வேண்டும்? வீடு அவளுடையது!

முடிவு இ: அவன் அழுகிறான். எனக்குப் பிடிக்கவில்லை. அழுதால் அவள்தான் தேற்ற வேண்டி வரும்.

முடிவு ஈ எழுத உட்கார்ந்தபோது என் கை ஓடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். நான் கட்டடப் பொருள் கடையில் வேலை செய்கிறேன். கேரோல்ட்டின் பிளாஸ்டிக் தாளையும் சிலிக்கோனையும் விற்றவள் நான். "பழைய வீட்டுக்கோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றான். களிமண்ணும் மரநாரும் பின் அடுக்கில் இருந்தன. அவற்றின் விளக்கப் புத்தகத்தை முழுதாக வாசித்தவள் நான். இது பிழை என்று தெரியும். ஆனால் முப்பது வருடம் நிலம் அளந்த ஆளுக்கு, சோறு சமைக்கிற நான், சுவரைப் பற்றிச் சொல்வதா? சிரிப்பான் என்று பயந்தேன். பொருளைக் கணக்கில் தட்டிப் பையில் போட்டுக் கொடுத்தேன். வீட்டுச் சொந்தக்காரர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நேரம் எங்கே போயிருந்ததோ தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். குசினிச் சுவர் வெறும் கம்பும் மண்ணுமாக நின்றது. அல்மூட் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அல்மூட், உந்தத் தாளை வித்தது நான். பிழையெண்டு தெரிஞ்சும் சொல்லேல்ல. பயந்திட்டன். நீ மூண்டு வருசம் பட்டதிலை எனக்கும் பங்கிருக்கு."

 அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"எனக்கு உன்னிலை கோவம் வருகுது," என்றாள். "நல்ல கோவம். ஆனால் என்னட்டை வந்து 'நான்' எண்டு சொன்ன முதல் ஆள் நீதான். இரு, கோப்பி குடிச்சிட்டுப் போ."

அப்போதுதான் பார்த்தேன். கேரோல்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். கழுத்து சிவந்திருந்தது. அல்மூட் திரும்பினாள், அவனை நேராகப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான்.

இங்கே நிறுத்துகிறேன். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். நல்லதைச் சொன்னான் என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கெட்டதைச் சொன்னான் என்றால் அவனைத் திட்டிவிட்டு மூடிவிடுவீர்கள். இரண்டுக்காகவும் நான் இவ்வளவு எழுதவில்லை.

அந்த வசனத்தை நீங்களே எழுதுங்கள். ஒரு நிபந்தனை மட்டும். நீங்கள் செய்து வைத்த பிழைக்காக உங்கள் வீட்டில் உங்களுடைய பெருமூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவர் இருந்தால், முதலில் அவரிடம் போய் "நான்தான்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். எத்தனை வார்த்தை தேவைப்பட்டது, தொண்டை எங்கே அடைத்தது என்று பார்த்துவைத்து, அதையே கேரோல்ட்டின் வாயில் வையுங்கள்.

அவசரமில்லை. அந்தச் சுவர் காய இரண்டு கோடை வேண்டும் என்று இம்கே சொல்லியிருக்கிறாள்.